கண்ணைக் கேட்டேன், காதைக் கொடுத்தாள்

மூன்று நாள் இருட்டுக்குப் பிறகு எனக்குக் கண் திறந்தபோது, என் மனைவி செல்லத்தாயி சாம்பல் நிறச் சேலை கட்டிக்கொண்டு எதிரே நின்றாள். அவளிடம் அப்படி ஒரு சேலை கிடையாது. "இது எப்ப எடுத்த சேலை?" என்று கேட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கட்டியிருந்தது எங்கள் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சிவப்பு.

என் கஷ்டம் அந்தச் சேலையில்தான் தொடங்கியது. மூங்கிலணைக் காமாட்சியை நம்பிக் கும்பிடுகிற உங்களிடம் அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். பெருமைக்காக இல்லை. இந்தக் கதையில் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை. என் அவசரப் புத்திதான் நிறைய இருக்கிறது.

நான் தேவதானப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரைச் சேர்ந்த விவசாயச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. பெரியகுளத்தில் படித்தேன். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய மறுவருஷம் கப்பல் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மதுரைக்குப் போய்ச் சேர்ந்தேன். அதுவரை நான் பார்த்த பெரிய தண்ணீர் எங்கள் ஊர்க் கண்மாய்தான். என்னை அவர்களுக்குப் பிடித்துப்போனது கண்ணுக்காக. கம்பங்காட்டில் குருவி விரட்டி வளர்ந்த கண் அல்லவா? சுவரில் மாட்டியிருந்த அட்டையில் கடைசி வரி எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள். நான் அதற்கும் கீழே இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படித்துவிட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "சிக்னல்" என்று காகிதத்தில் எழுதினார்கள்.

சிக்னல்காரன் வேலை முழுக்கக் கண் வேலை. கப்பலுக்குக் கப்பல் பேசிக்கொள்வது பகலில் கொடியால், வெளிச்சம் குறைந்தால் விளக்கால். எந்த நிறக் கொடி மேலே ஏறுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். விளக்கைச் சற்றே மின்னினால் புள்ளி, நீட்டி மின்னினால் கோடு. புள்ளியும் கோடும் சேர்ந்து ஒவ்வொரு எழுத்து. இதையெல்லாம் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். எங்கள் கப்பலில் சிக்னல்காரர்களுக்குத் தலைவர் கோவிந்தன் நாயர். பாலக்காட்டுப் பக்கம். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். "வேலு, உனக்குக் கண்ணு ரெண்டா நாலா?" என்று கேட்பார். எனக்குத் தலைகால் புரியாத கர்வம்.

மூன்றாவது வருஷம் ஐப்பசியில் லீவில் வந்தேன். அந்த வருஷம் பள்ளத்தாக்கு முழுக்க மலைக்காய்ச்சல், அதுதான் மலேரியா. வந்த பத்தாம் நாள் எனக்கும் குளிர் தூக்கிப் போட்டது. அப்போது காய்ச்சலுக்கான கொயினா மருந்தைத் தபாலாபீசிலேயே விற்பார்கள். செல்லத்தாயி போய்ப் பொட்டலங்கள் வாங்கி வந்தாள்.

"ஒரு நாளைக்கு மூணு பொட்டலம், ஏழு நாளைக்குத் திங்கணுமாம். போஸ்ட் மாஸ்டர் ஐயா ரெண்டு தடவ சொன்னாக," என்றாள்.

என் லீவில் ஊரில் இருக்க மிச்சம் இருந்தது ஆறு நாள். நாள் தவறிக் கப்பலுக்குப் போனால் ஓடிப்போனவன் என்று எழுதிவிடுவார்கள். ஏழு நாள் மருந்தைச் சீக்கிரம் தின்றால் காய்ச்சலும் சீக்கிரம் போகும் என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும் நேரம் பார்த்துப் பார்த்து, ஒன்றரை நாளில் எல்லாப் பொட்டலத்தையும் விழுங்கிவிட்டேன். எங்கள் பக்கத்தில் இதே காரியத்தைச் செய்தவர்கள் இன்னும் சிலர் உண்டு. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

காய்ச்சல் போனது உண்மை. கூடவே கண்ணும் போனது. காதுக்குள் சில்வண்டு கத்த ஆரம்பித்தது. மூன்று நாள் விடிந்ததும் தெரியாது, அடைந்ததும் தெரியாது. நாலாம் நாள் பார்வை திரும்பியது. ஆனால் மூங்கில் குழாய்க்குள் பார்ப்பதுபோல நடுவில் மட்டும்தான். நிறங்கள் வெளுத்துக் கிடந்தன. சில்வண்டு நிற்கவே இல்லை.

எனக்குப் பயம் வந்தது. என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. எங்கள் காடு மானம் பார்த்த பூமி, இரண்டு வருஷமாக அதில் ஒன்றும் விளையவில்லை. இதைத் தவிர இன்னொன்றும் உண்டு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஊரில் கடல் பார்த்தவன் நான் ஒருவன். குருடனாகத் திரும்பி வந்து அதே ஊரில் எப்படி நடப்பேன்?

செல்லத்தாயி என் கையைப் பிடித்துக் காமாட்சி கோயிலுக்குக் கூட்டிப் போனாள். உங்களுக்குத் தெரியும், அங்கே அம்மனைப் பார்க்க முடியாது. சாத்திய கதவுக்குத்தான் பூசை. தேங்காயை உடைப்பதில்லை, பழத்தை உரிப்பதில்லை, அப்படியே படைக்கிறோம். சின்ன வயதிலிருந்தே எனக்கு அதில் ஒரு குறை. இவ்வளவு தூரம் நடந்து வந்து கதவையா பார்ப்பது? அன்றைக்கு அந்தக் கதவும் எனக்குப் பாதிதான் தெரிந்தது. "தாயே, என் கண்ணைத் திருப்பிக் கொடு" என்று அழுதேன். வீட்டுக்கு வந்து செல்லத்தாயியின் சேலையைப் பார்த்தேன். சாம்பல்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"கேட்டேன். குடுக்கல. இனி அங்கன வரமாட்டேன்," என்றேன்.

"கேட்ட மறுநிமிசம் கையில வைக்க ஆத்தா என்ன மளிகைக்கடையா வச்சிருக்கா?" என்றாள் அவள்.

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ் ஏறிக் கொடைரோடு போய் ரயில் பிடித்தேன். திரும்பி வந்தவர்களை வரிசையில் நிறுத்திக் கண் பார்த்தார்கள். எனக்கு முன்னால் நின்றவர்கள் சத்தமாகப் படித்த எழுத்துகளைக் கேட்டு மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். தப்பித்துவிட்டதாக நினைத்தேன். கார்த்திகையும் மார்கழியும் சமாளித்தேன். கொடியில் நிறம் தெரியாவிட்டாலும் கட்டமா, சிலுவையா, பட்டையா என்று உருவத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவன் வாயைப் பார்ப்பேன். நாயர் என்னைப் பார்த்து ஒருநாள், "எந்தா வேலு, நீ இப்போ கோழி மாதிரி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாய்?" என்றார். கழுத்தில் சுளுக்கு என்றேன்.

தை மாதம் ஒரு பிற்பகல். சரக்குக் கப்பல்கள் வரிசையாகப் போக, நாங்கள் காவலாகப் போய்க்கொண்டிருந்தோம். தலைமைக் கப்பலில் கொடி ஏறியது. எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். வலப்பக்கமா இடப்பக்கமா என்பதை நிறத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். இரண்டு கொடிக்கும் உருவம் ஒன்றே. என் கண்ணுக்கு அது சாம்பல். பக்கத்தில் யாரும் இல்லை. நான் "இடது" என்று கத்தினேன்.

மற்ற கப்பல்கள் எல்லாம் வலப்பக்கம் திரும்பின. நாங்கள் மட்டும் இடது. எதிரே ஒரு சரக்குக் கப்பலின் பக்கவாட்டுச் சுவர் எழுந்து வந்தது. அதன் கம்பியோரம் ஒரு சமையல்காரர் குந்தி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு அலுமினியச் சட்டியோடு எழுந்து நின்றார். ஓடக்கூட இல்லை. அவருடைய முகம் என் மூங்கில் குழாய்க்கு நேர் நடுவில் இருந்தது. எங்கள் கப்பல் அலறிக்கொண்டு வளைந்தது. கல்லெறி தூரத்தில் தப்பினோம்.

விசாரித்தபோது நாயர் முன்னால் போய், சூரியன் கண்ணுக்கு நேரே இருந்தது, தப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டார். அந்த நேரக் காவலுக்கு அவர்தான் பொறுப்பு. அதிகாரி எல்லார் முன்னாலும் அவரைத் திட்டினார். வரவேண்டியிருந்த பதவி உயர்வு நின்றது. அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் கீழே இறங்கி, கயிறு அடுக்கும் அறையில் போய் நின்றேன். யாரும் இல்லை. வெங்காயச் சட்டி கண்ணை விட்டுப் போகவில்லை. கண்ணை இறுக மூடினேன். மூடியதும் காமாட்சியின் கதவு வந்து நின்றது. கோபித்துக்கொண்டு வந்தவன் நான். கூப்பிடாமலே அவள் வந்தாள். எனக்கு அழுகை முட்டியது. "தாயே, இனிக் கண்ணைக் கேட்கமாட்டேன். என்னால் ஒரு உயிருக்கும் கேடு வரக் கூடாது. அதுக்கு நான் என்ன செய்யணுமோ செய்கிறேன்" என்று வேண்டினேன். வேண்டி முடித்ததும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை. ஆனால் தெரிந்தது.

நேரே நாயரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். கொயினா, சேலை, மனப்பாடம் செய்த எழுத்து எல்லாம். அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"எடோ, வந்த அன்னைக்கே இதைப் பறைஞ்சிருந்தால் என்ன?" என்றார். என் தோளைத் தட்டினார். "சாரமில்லை, போகட்டும். இப்பவாவது வாய் திறந்தாயே. வா."

கரைக்கு வந்ததும் டாக்டர் சோதித்தார். நிறம் இனிச் சரியாக வராது, பக்கப் பார்வையும் வராது, சிக்னலுக்கு லாயக்கில்லை, வீட்டுக்கு அனுப்பலாம் என்று காகிதம் எழுத ஆரம்பித்தார். கூட வந்திருந்த நாயர் விடவில்லை. இவனுக்குப் புள்ளி கோடெல்லாம் மனப்பாடம், வயர்லெஸ் அறையில் ஆள் பற்றவில்லை, அங்கே எல்லாம் சத்தமாகத்தான் வரும், கண் எதற்கு, காது போதுமே என்று வாதாடினார். தான் திட்டு வாங்கக் காரணமாக இருந்தவனுக்காக ஒரு மனிதர் இப்படிப் பேசுவாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

டாக்டர் தம் கைக்கடிகாரத்தை என் காதோரம் பிடித்தார். கேட்கிறதா என்றார். "கேட்கிறது. ஆனால் சில்வண்டும் கேட்கிறது" என்றேன். நாயர் என் காலை மிதித்தார். இருந்தாலும் இந்தத் தடவை நான் பொய் சொல்வதாக இல்லை. டாக்டர் பேனாவை மூடினார். ஒரு மாதம் லீவு. திரும்பி வரும்போது வயர்லெஸ் பரீட்சை. சில்வண்டு அப்போதும் கத்தினால், பரீட்சை எழுதவே தேவையில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

இப்படியாக மாசி மாதம் மறுபடி ஊர் வந்தேன். புள்ளி கோடு எனக்கு மனப்பாடம்தான். ஆனால் அதெல்லாம் கண்ணால் படித்தது. சத்தத்தைக் கேட்டால், முதலில் மனதுக்குள் விளக்கு மின்ன வேண்டும், அப்புறம்தான் எழுத்து வரும். அதற்குள் நாலு எழுத்து ஓடிவிடும். யாராவது தட்டித் தட்டிப் பழக்க வேண்டும். இந்த ஊரில் வயர்லெஸ் தட்ட யார் இருக்கிறார்கள்? நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

செல்லத்தாயி, நான் புள்ளி கோடு எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். அவளுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். "இதுல என்ன இங்கிலீசு இருக்கு? புள்ளியும் கோடும்தானே? கோலம் போடுறவளுக்கு இது தெரியாதா?" என்றாள். பித்தளைத் தவலையைக் கவிழ்த்து வைத்தாள். கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினால் புள்ளி. கரண்டியைத் தவலை மேல் இழுத்தால் கோடு. நான் பயிற்சிக்கென்று எழுதி வைத்த வரிகளை வைத்துக்கொண்டு, அர்த்தம் ஒன்றும் தெரியாமல், அச்சுப் பிசகாமல் அனுப்பினாள்.

முதல் நாள் அரை மணி நேரம் ஒரு வார்த்தையும் எனக்குச் சேரவில்லை. உளறலாக வந்தது. காது போய்விட்டது என்று முடிவுகட்டி எரிந்து விழுந்தேன். பிறகு பார்த்தால் அவள் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தொழுவத்து மாடு திரும்பிப் பார்த்தது.

நான் கரண்டியையே பார்க்கிறேன் என்று கண்டுபிடித்துவிட்டாள். "கண்ணத் தொறந்து வச்சிக்கிட்டுக் காதுக்கு எப்படி வேலை குடுப்பீக?" என்று துண்டால் என் கண்ணைக் கட்டினாள். நான் ஒரு வரியைச் சரியாக எழுதி முடித்தால், கிடைத்தது என்பதற்கு வயர்லெஸ்காரர்கள் அனுப்பும் குறி ஒன்று உண்டு. புள்ளி, கோடு, புள்ளி. தட்டு, இழுப்பு, தட்டு. அதை நான் தரையில் தட்டினால்தான் அடுத்த வரி. வெண்கலக் கடை மாதிரி சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் வந்து எட்டிப் பார்த்தார்கள். கப்பலுக்குப் போய் வந்தவனுக்குப் புத்தி பிசகிவிட்டது, பெண்டாட்டி பேய் விரட்டுகிறாள் என்று ஊரில் பேச்சாம். அவள் கவலைப்படவில்லை. மூன்றாவது வாரம் மனதுக்குள் விளக்கு மின்னுவது நின்றது. சத்தமே எழுத்தாக வந்தது.

ஆனால் சில்வண்டு நிற்கவில்லை. தவலைச் சத்தம் பெரிது, அதை மீறிக் கேட்டுவிடும். வயர்லெஸில் வருவதோ ஊசி முனை மாதிரி. புறப்பட இன்னும் நாலு நாள்தான் இருந்தது. காதைப் பொத்திக்கொண்டு படுப்பேன். உள்ளே கத்தும்.

அந்த வெள்ளிக்கிழமை காமாட்சியிடம் போனோம். உடைக்காத தேங்காய், உரிக்காத பழம், விளக்குக்குக் கொஞ்சம் நெய். மாசித் திருவிழா முடிந்திருந்ததால் கூட்டம் இல்லை. கதவுக்கு முன்னால் நின்றேன். ஒரு மாதப் பழக்கத்தில் கண் தானாக மூடிக்கொண்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருஷமாகப் பார்க்கக் கிடைக்கவில்லையே என்று குறைப்பட்டவன் நான். இங்கே யாருக்குமே பார்க்கக் கிடைப்பதில்லை. கண் உள்ளவனும் இல்லாதவனும் இந்தக் கதவுக்கு முன்னால் ஒன்று. அவளிடம் வர எனக்கு எந்தக் குறையும் இல்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. சும்மா நின்றேன். எங்கோ ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. பிறகு சின்னதாக ஒரு சத்தம். பொரிகிற சத்தம். விட்டு விட்டு வந்தது. நெய் விளக்கின் திரி என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. திரி பொரிவது கேட்கிறது என்றால், மற்றது எங்கே?

சில்வண்டு இல்லை.

"தாயி, ஏதாச்சும் கத்துதா?" என்று செல்லத்தாயியின் கையைப் பிடித்தேன்.

"என்னது கத்துது? ஒண்ணையும் காணோமே."

"ஆமா. ஒண்ணையும் காணோம்," என்று சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவளுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மருந்தின் வீரியம் இறங்க அவ்வளவு நாள் பிடித்திருக்கலாம் என்று டாக்டர் பிறகு சொன்னார். சொல்லட்டும். நல்ல மனிதர், படித்தவர். இறங்கிய இடமும் நேரமும் எனக்குத் தெரியும்.

பங்குனியில் பரீட்சை. வயர்லெஸ் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். ஊசிச் சத்தம் ஒவ்வொன்றும் தவலை மேல் கரண்டி இழுப்பதுபோலத் தெளிவாக வந்தது. இரண்டு எழுத்துதான் தவறியது. என் காகிதத்தில் "சிக்னல்" என்பதை அடித்துவிட்டு "வயர்லெஸ்" என்று எழுதினார்கள். நாயர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இனி நீ கோழி மாதிரி தலை திருப்ப வேண்டாமே," என்றார். அவருடைய பதவி உயர்வும் அந்த வருஷக் கடைசியில் வந்து சேர்ந்தது. எனக்கு அதில்தான் அதிக நிம்மதி.

மீதி யுத்தம் முழுக்க ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை இரைச்சலுக்கு அடியில், போய்ப் போய் வருகிற, உதவி கேட்கும் ஒரு மெல்லிய கூப்பாட்டை எங்கள் அறையில் நான் ஒருவன்தான் பிடித்தேன். மறுநாள் காலையில், கப்பல் மூழ்கித் தப்பிய ஒரு படகு நிறைய ஆட்களைத் தூக்கிக் கப்பலில் ஏற்றினோம். அவர்கள் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தபோது எனக்கு அந்த வெங்காயச் சட்டிக்காரர் நினைவுதான் வந்தது. அவருடைய முகம் அன்றைக்குத்தான் என்னை விட்டது.

முன்பு அவசரக் குடுக்கை என்று எனக்குப் பெயர். இப்போது எதற்கும் சற்று நின்று கேட்கிறேன். என்னிடம் இருக்கிற குறையை மறைப்பதில்லை. சேலை எடுக்கப் போனால், "இது என்ன நிறம் தாயி?" என்று கடைக்காரர் முன்னாலேயே கேட்பேன். அவள் சொல்வாள்.

யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பிய அன்று உச்சி வெயில். வருகிற தேதியை நான் எழுதவில்லை. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கூப்பிடலாம் என்று வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். விரலால் கதவில் ஒரு தட்டு. நகத்தால் ஒரு இழுப்பு. மறுபடி ஒரு தட்டு. நின்றேன். உள்ளே ஒரு அசைவும் இல்லை. காட்டுக்குப் போயிருப்பாள் என்று திரும்பி ஓர் அடி எடுத்து வைத்தேன். அப்போது கதவின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. தட்டு. வளையல் உரசும் ஒரு நீண்ட இழுப்பு. தட்டு.

கதவைத் திறந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அதுக்குள்ள எங்கன திரும்பிப் போறீக? கதவு சாத்தியிருந்தா உள்ள ஆளு இல்லைன்னு அர்த்தமா?" என்றாள்.

காமாட்சியைப் பற்றி இதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியாது. உங்களுக்கு என்ன கஷ்டமோ அதோடு வந்து அந்தக் கதவுக்கு முன்னால் நில்லுங்கள். நீங்கள் கேட்டது கிடைக்காமல் போகலாம். எனக்கும் கிடைக்கவில்லை, இன்றைக்கும் சிவப்பு எனக்குச் சாம்பல்தான். ஆனால் அவசரப்பட்டுத் திரும்பி நடந்துவிடாதீர்கள். அவள் உள்ளேதான் இருக்கிறாள்.